பேர் வெட்டிய ஒப்பாரி

ஒப்பாரிப் பதிவில், வெட்டி எடுத்த இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஆனந்தகுமார் இன்னொரு தடவை தரைப் பலகை மேல் ஏறி நின்று கேட்டான். ஆள் ஏறினால் ஒப்பாரி தொடங்கும். எதிரே சுவரளவு திரையில், வட்டமாக உட்கார்ந்து மாரடிக்கும் பெண்களுக்கு நடுவே ஏறினவரின் உருவமும் தெரியும். அருப்புக்கோட்டையில் பூட்டிக் கிடந்த பஞ்சு மில்லை அதன் முதலாளி அருங்காட்சியகமாக மாற்ற, ஆனந்தகுமார் வடிவமைத்துக் கொடுத்தவற்றில் அவனுக்கே பெருமையானது இதுதான். நாளைக் காலை திறப்பு விழா.

பாடியவள் பக்கத்துக் கிராமமான பரளச்சியின் ஒப்பாரிக்காரி மாயக்காள். சாவு விழாத இடத்தில் வாய் திறக்க மாட்டேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தாள். இதே மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து மூச்சடைத்துச் செத்த தன் மகள் ரேணுகாதேவியின் பேரைச் சொல்லித்தான் பாடுவேன் என்று கடைசியில் இறங்கி வந்தாள். பாடி முடித்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ பேரை மட்டும் எடுத்துராதீக தம்பி. பேரில்லாத ஒப்பாரி சும்மா இருக்காது. வேற ஆளைத் தேடும்."

சரிம்மா என்று தலையாட்டினான். மில்லில் செத்தவள் பேர் இங்கே கேட்கவே கூடாது என்று முதலாளி சொன்னதும், மறுபேச்சில்லாமல் பதிவிலிருந்து அதை வெட்டினான். விஷயம் தெரிந்த மாயக்காள் மில் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பத்தே நாளில் செத்தும் போனாள். துஷ்டி கேட்கக்கூட அவன் போகவில்லை. பாவி, போயிருக்கலாம்.

இப்போது பட்டப்பகல் மூன்று மணி. தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிய, பத்து வருஷமாகப் பஞ்சே நுழையாத கூடத்தில் பருத்திக்கொட்டை வாசம் தொண்டையை அடைக்க, மாயக்காளின் குரல் ஏறி இறங்கி, அவன் வெட்டிய இடத்துக்கு வந்து நின்றது. நீளமாக ஒரு மூச்சு. பிறகு உதடு ஒட்டிப் பிரியும் சத்தம். பேரை யோசிக்கிறாள்.

பதிவை அழித்தான். பாடியது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். பாடியது. மெயினை அணைத்தான். விளக்குகள் போயின. திரை போகவில்லை.

வாசலில் ஆட்டோ சத்தம். மதுரையிலிருந்து மனைவி ஜெகதீஸ்வரி வந்துவிட்டாள். கூடவே, அப்பா செய்ததைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வாரமாகக் குதித்துக்கொண்டிருந்த ஆறு வயது மகள் தங்கச்செல்வி. அவன் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"உள்ள வராத தாயி. அங்கனயே நில்லு."

கொலுசு நிற்கவில்லை. ஒரே ஓட்டம். பலகை மேல் ஏறிவிட்டாள். பாய்ந்து அவளை வாரித் தூக்கினான். இடுப்பில் இருந்தபடியே சிரித்து, திரையைக் காட்டினாள்.

"அப்பா, அந்தா நானு."

அங்கே அவள் நிற்கவில்லை. பெண்களுக்கு நடுவே படுத்திருந்தாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு.

குரல் அந்த இடத்துக்கு வந்தது. இந்தத் தடவை யோசிக்கவில்லை.

"எந் தங்கச்செல்வீ..."

பிள்ளையின் சிரிப்பு நின்றது. இருமினாள். வாயிலிருந்து வெள்ளையாக, ஈரமாக ஏதோ வந்து அவன் தோளில் ஒட்டியது. பஞ்சு. விரலைவிட்டு இழுத்தான். இன்னும் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.