வடமுகட்டுக் கம்பி

வியாழனைச் சுற்றும் யூரோப்பா நிலவின் தென்முகட்டுக் குடியிருப்பில், வேலைக்குக் கிளம்புமுன் எல்லோரும் பாசித்தொட்டியின் முன் வரிசையில் நின்று பத்து நிமிடம் மூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மூச்சை வாங்கிக்கொண்டு பாசி அவர்களுக்குக் காற்று தந்தது. அந்த ஆண்டு பாசி மஞ்சளாகத் தொடங்கியது. நாற்பது நாள் தாங்கும் என்றது கணிப்பொறி.

நல்ல பாசி இருக்கக்கூடிய இடம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு குடியிருப்பான வடமுகடு ஒன்றுதான். தொண்ணூறு ஆண்டுகளாக அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. கதிர்வீச்சில் வானொலி எடுபடாது. முதல் குடியேறிகள் பனிக்கடியில் பதித்த ஐ.எஸ்.டி.என் என்னும் பழைய தொலைபேசிக் கம்பி மட்டும் கிடந்தது.

தொடர்புப் பிரிவின் ஜெசிந்தா கம்பியறைக்குள் போனாள். சுவரில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு முனை இணைப்பான். பழைய கம்பியின் மொழியை, செய்திகளை வழிப்படுத்தும் திசைவிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி அது. அதனோடிருந்த பழைய திசைவி பழுதாகியிருக்கலாம் என்று நினைத்து, அதைக் கழற்றிவிட்டுப் புதியதை வடத்தால் பிணைத்தாள். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

அத்தனை பனிக்கடியிலும் கம்பி உயிரோடிருந்தது. மறுமுனையில் ஏதோ ஒன்று விழித்திருந்தது.

இணைப்பானின் அமைப்பைத் திறந்து பார்த்தவள் நிர்வாகி மாசிலாமணியைக் கூப்பிட்டாள்.

"சார், இதுல எந்தக் கோளாறும் இல்ல. அழைப்பு வந்தா எடுக்க மட்டும்தான் சொல்லி வெச்சிருக்காங்க. இங்கேருந்து யாரும் கூப்பிடவே இல்ல."

அவர் அந்த விளக்கைப் பார்த்தார். "கூப்பிடு" என்றார் மெதுவாக.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: தென்முகடா? நாங்க நாலாயிரம் பேர் இருக்கோம். உங்க அழைப்புக்காக இங்க எப்பவும் ஒரு ஆளை உட்கார வெச்சிருக்கோம்.

ஜெசிந்தா அழுதுவிட்டாள்.

கேட்ட பதினோராம் நாள் பனிக்கடிக் கடல் வழியாக அவர்களது நீர்மூழ்கியில் பாசி வந்தது. மாதக் கடைசியில் தொட்டி பச்சையாகியிருந்தது.

"சார், நன்றி சொல்லி ஒரு தடவை கூப்பிடட்டுமா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

மாசிலாமணி தலையை அசைத்து மறுத்தார்.

"போன தடவை நாமதானே கூப்பிட்டோம். இந்தத் தடவை அவங்க கூப்பிடட்டும்மா."