சடையன் வளர்த்த களை

அப்பாடா! கொஞ்சம் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். அந்த நாற்பது நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் வலிக்கிறது.

என் பெயர் நீலாவதி. ஊர் ஜவ்வாது மலை. வாத்தியார் கரும்பலகையில் 1961 என்று எழுதிய வருஷம், ஆடி மாதம். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். அம்மா விடிந்ததும் சாமைக் கொல்லிக்கு, அதாவது எங்கள் மலை நிலத்துக்கு, களை எடுக்கப் போய்விடுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் என் ஆறு வயதுத் தம்பி சடையன் நாவல் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான்.

எலும்பு கட்டும் கண்ணாயிரம் மாமா வந்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்.

"நாப்பது நாளு ஆடக் கூடாது, அசையக் கூடாது. எழுந்து நின்னான்னா கால் கோணிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிக்கிட்டுதான் நடப்பான்" என்றார்.

நாற்பது நாளா! சடையனை நாலு நிமிஷம் ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. தண்ணீர் எடுக்க வேண்டும், களி கிண்ட வேண்டும், ஆட்டைக் கட்ட வேண்டும், இவனையும் காவல் காக்க வேண்டும். குடத்தை இறக்கி வைத்துத் திரும்பினால், பயல் நெளிந்து நெளிந்து வாசலுக்கே போயிருப்பான்.

"எங்கடா போற?"

"கொல்லிக்கு. வூட்டுக்குள்ள இன்னாக்கா இருக்குது? சுவரும் சட்டியும்தான்!"

ஒன்பதாம் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ கொல்லிக்குப் போவாத. கொல்லியே உங்கிட்ட வரட்டும்!" என்று கத்தினேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால், ஏன் வரக் கூடாது என்று தோன்றியது. உடைந்த பானையின் அடிப்பாகத்தில் மண்ணைப் போட்டேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு புல் கொத்தை வேரோடு எடுத்து நட்டு, அவன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பூனை வால் போலக் கதிர் விடும் புல் அது.

சடையன் அதையே பார்த்தான். உதட்டைக் குவித்து ஊதினான். கதிர் தலையாட்டியது.

"அக்கா, காத்து நான்தான்!"

அன்று முழுக்க அவன் நகரவே இல்லை. நான் வெகுநாள் கழித்து நிம்மதியாக உட்கார்ந்து களி சாப்பிட்டேன்.

நட்ட மூன்றாம் நாள் புல் மஞ்சளாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. பானையையும் பாயையும் கதவு வெளிச்சம் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டேன். நாலைந்து நாளில் புதுக் குருத்து பச்சையாக வந்தது. சடையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். நாளெல்லாம் குனிந்த முதுகு நிமிரவில்லை. சடையன் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதாடா?" என்று கேட்டபடியே கண்ணை மூடிவிட்டாள்.

கண் தூங்கியது, கை தூங்கவில்லை. அது பாட்டுக்குப் பானைக்குள் போனது. ஒவ்வொரு புல்லாகப் பிடுங்கியது, மண்ணைத் தட்டியது, வேர் மேலே பார்க்கும்படி தரையில் வைத்தது. கொல்லியில் அப்படித்தான் வைப்பார்கள். இல்லாவிட்டால் களை மறுபடி வேர் பிடித்துவிடும்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த சடையன் இந்தப் பக்கம் திரும்பும்போது பானை காலி.

"ஐயோ, என் புல்லு!"

எழுந்தே விட்டான்! நான் அடுப்படியிலிருந்து பாய்ந்து அவனை அமுக்கினேன். களிச் சட்டி கவிழ்ந்தது.

அம்மா திடுக்கிட்டு விழித்துத் தன் கைகளைப் பார்த்தாள்.

"நானா புடுங்கினேன்? கை தானா போவுதுடி நீலா. நான் இன்னா செய்வேன்?" என்று அழுதாள். அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பிடுங்கியதை மறுபடி நட்டேன். காலையில் எல்லாம் தலை சாய்ந்து கிடந்தன. சடையன் வாசலைப் பார்த்து நெளிய ஆரம்பித்தான். எனக்கு அவனைத் தடுக்கத் தெம்பே இல்லை. கொல்லிக்குக் கிளம்பிய அம்மாவிடம் ஓர் ஈரத்துணியை நீட்டினேன்.

"எப்படியும் புடுங்கத்தானே போற? மூணு புல்லு மட்டும் வேரு அறுந்துடாம, மண்ணோட எடுத்துட்டு வாம்மா."

"களைக்கு ஈரத்துணியா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்கடி!"

"சிரிச்சா சிரிக்கட்டும். இவன் கால் நேரா ஆனாப் போதும்."

சாயங்காலம் அம்மா துணியைப் பிரித்தாள். "இதக் கசக்கிப் பாருடா, எலுமிச்சம்பழ வாசனை. இந்த ரெண்டாவது சாமை மாதிரியே வேஷம் போட்டு ஏமாத்தும். இந்த மூணாவதுதான் என் கைய அறுத்த கழுதை!"

"ஏய், எங்கம்மா கைய ஏன் அறுத்த? உனக்கு இன்னிக்குத் தண்ணி கிடையாது!" என்று சடையன் அந்தப் புல்லை மிரட்டினான். கொஞ்ச நேரத்தில் பாவம் பார்த்து அதற்கும் ஊற்றினான்.

அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "கதிர் முத்தறதுக்குள்ள கிள்ளிடணும். வெத சாமையில விழுந்தா, அடுத்த வருசமும் நான்தான் குனியணும்."

கதிர் எண்ணிக் கிள்ளும் வேலையை அவனுக்கே கொடுத்தேன். ஓட்டைக் குடம், சுரைக்குடுவை, கொட்டாங்கச்சி என்று வீடெல்லாம் புல் ஆனது. சாயங்காலம் அம்மா வந்து உட்கார்ந்ததும், சடையன் முதலில் அவள் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். அம்மா அப்படியே தூங்கிப்போவாள்.

நாற்பதாம் நாள் கண்ணாயிரம் மாமா கட்டை அவிழ்த்தார். கால் குச்சி மாதிரி இளைத்திருந்தது. ஆனால் நேராக இருந்தது! அம்மா அந்தக் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாலு நாள் கழித்துச் சடையன் கம்பை ஊன்றிக்கொண்டு, என் தோளையும் பிடித்துக்கொண்டு கொல்லிக்கு வந்தான். அம்மா கடைசிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வாணாம், அது சின்னது!" என்றான். "ஐயோ, அதுவும் வாணாம். கதிரு இப்பதான் வருது!"

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சடையன் கால் உடைந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

"உன்ன வெச்சிக்கிட்டு நான் களை எடுத்த மாதிரிதான்! வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

கொல்லியில் கால்வாசிக் களை அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் மத்தியானமே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் தூங்கினோம்.