வேர்த்த குடம்

காலை ஆறு பத்துக்கு நைட்ரஜன் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

அதற்குள் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள். முழங்கால் உயர அலுமினிய உறைகுடங்கள். பதினெட்டு வயதில் எடுத்த கருமுட்டைகள் அவற்றுள் திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடந்தன. வெப்ப ஆண்டுகளுக்குப் பிறகு, இருபதைத் தாண்டிய எந்த உடலிலும் நல்ல முட்டை உருவாவதில்லை. முன்பு கருவங்கிகள் அவற்றைக் காத்தன. ஒரு கோடையில் மின்சாரம் போய் கருவங்கிகள் சரிந்தன. மிஞ்சியவை வீடுகளுக்கு வந்தன.

"எஸ்தர் அக்காவுக்குப் புரட்டாசியில உருக்குமுறையாம். தொட்டில் வாங்கியாச்சா?" என்று முன்னால் ஒருத்தி கத்தினாள்.

"நீதான் வாங்கித் தரணும்" என்றாள் எஸ்தர். வரிசை சிரித்தது.

பூவரசி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஈரம்.

"குடம் வேர்க்குதே பூவரசி" என்றாள் எஸ்தர். பக்கத்து வீட்டுக்காரி.

"இந்த வெயிலுக்கு நானுந்தான் வேர்க்குறேன்."

"விளையாடாத. தொட்டுப் பாரு."

தொட்டாள். விரலை இழுத்துக்கொண்டாள். குடத்தின் தோளில் உறைபனி.

லாரிக்காரர் குனிந்து பார்த்தார். "ரெண்டு சுவருக்கும் நடுவுல காத்தே இருக்கக் கூடாதும்மா, பூந்துடுச்சு. இன்னிக்கு ஊத்தினா இன்னிக்கே ஆவியாயிடும். தோள்ல இருக்குற இந்த ரப்பர் மூடியை யாரு கழட்டினது?"

போன ஆடி வெள்ளிக்குத் தெருவில் எல்லாரும் குடத்துக்கு மஞ்சள் பூசினார்கள். பூச்சரம் நழுவிக்கொண்டே இருந்தது. சரத்தின் நுனியைச் செருக, தோளில் துருத்திய ரப்பர் மூடியைப் பூவரசி கரண்டிக் காம்பால் நெம்பினாள். அடியில் துடைத்தாள். பொட்டு வைத்தாள். பிறகு அழுத்தி மூடினாள்.

"வேற குடம் கிடைக்குமாண்ணா?"

"ஒரு பொண்ணுக்கு ஒரு குடந்தான். ஆஸ்பத்திரியும் இப்பல்லாம் வாங்கி வைக்கிறதில்ல." அவர் ஊற்றிவிட்டு அடுத்த குடத்துக்குப் போனார்.

அவளுடைய உருக்குமுறை தையில். அன்றுதான் ஆஸ்பத்திரியில் முட்டையை உருக்கிக் கருவாக்கி வயிற்றில் வைப்பார்கள். அதற்கு முன் எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது.

வீட்டுக்கு வந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தாள். பாதி போயிருந்தது. நாத்தனாரிடம் ஓடினாள்.

"என் குடத்துல அடுத்தவ முட்டையா? நாளைக்கு எது யாரோடதுன்னு நான் நிக்கவா?" என்றாள் நாத்தனார். கதவைத் திறக்கவில்லை.

மதியம் பூவரசி எஸ்தர் வீட்டு வாசலில் குடத்தை இறக்கினாள். "தை வரைக்கும் வச்சுக்குங்க அக்கா. உங்க கால்ல விழறேன்."

"சட்டம் தெரிஞ்சுதான் கேக்குறியா?"

தெரியும். கருவங்கிகள் சரிந்தபோது பெயர்கள் கலந்துபோயின. ஆயிரக்கணக்கில் வழக்குகள். கடைசியில் நீதிமன்றம் ஒரே வரியில் முடித்தது: குடம் எவளுடையதோ, முட்டை அவளுடையது.

"உங்கள நம்புறேன்."

எஸ்தர் தன் குடத்தை இழுத்து அவள் குடத்தோடு ஒட்டி வைத்து மூடியைத் திறந்தாள்.

வெண்புகை வழிந்து அடங்கியது. பூவரசி எட்டிப் பார்த்தாள். விளிம்புவரை நைட்ரஜன், தண்ணீர்போலத் தெளிவாக. அடிவரை தெரிந்தது. முட்டைக்குழாய் ஒன்றுகூட இல்லை.

"உங்களோடது எங்க?"

"கருவங்கி போனப்பவே போயிடுச்சு."

"அப்புறம் ஏன் வாராவாரம் வந்து நிக்கிறீங்க?"

"நிக்கலன்னா மலடின்னு பேரு வரும். உருக்குமுறைப் பட்டியல்லேருந்தும் எடுத்துடுவாங்க." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "யாராவது ஒருத்தி வருவான்னு இருந்தேன்னு வச்சுக்கோயேன்."

புரட்டாசி. எஸ்தரின் உருக்குமுறை. தைக்கு முன்னால் வரும் புரட்டாசி.

பூவரசியின் குடத்திலிருந்து எழுந்த புகை மெலிந்து நூலாகியிருந்தது. அடியில் இன்னும் ஒரு விரல் ஆழம். அது போனால் முட்டைகள் யாருக்கும் இல்லை.

பூவரசி இடுக்கியை எடுத்தாள். ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் காற்று படக் கூடாது. முதல் குழாயைத் தூக்கி அந்தத் தெளிவுக்குள் இறக்கினாள். பிறகு அடுத்தது. கடைசிக் குழாயும் அமிழ்ந்தது.

எஸ்தர் மூடியைத் திருகினாள். இறுகிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"தையில திருப்பித் தருவீங்கல்ல அக்கா?"