சின்னம்மாளின் மிச்சம்

வீட்டில் பலாப்பழம் கிடையாது. ஆனாலும் பலாப்பழ வாடை அடித்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது சந்திரகலாவின் மூக்கில் ஏறியது. பண்ருட்டி வழியாக பஸ்ஸில் போகும்போது, குவியலுக்கு அடியில் கிடந்து நசுங்கி வெடித்த பழத்திலிருந்து வருமே, தித்திப்பும் புளிப்புமாகத் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ஊர் தாண்டினாலும் போகாத ஒரு வாடை, அதே வாடை. ஆனால் இது ஐப்பசி மாதம். பலா வரத்து நின்று எவ்வளவோ நாளாகிறது. அவள் அடுப்படியில் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, ஃபினாயில் போட்டுத் தரையைத் துடைத்தாள். ஃபினாயிலையும் மீறிக்கொண்டு அது வந்து நின்றது. மோப்பம் பிடித்துக்கொண்டே போனவள் ஸ்டோர் ரூம் கதவில் போய் முட்டினாள். கதவுக்குக் கீழிருந்த இடுக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து அவள் கால்விரல்களைத் தொட்டது.

ஜுரத்தில் கிடப்பவரின் மூச்சு மாதிரி இருந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஸ்டோர் ரூம் அவள் கணவர் நல்லசாமியின் ஆராய்ச்சி அறை. அவர் டாக்டர். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்கு வெளியே மெயின் ரோட்டில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். சந்திரகலா மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு விலங்கியல் எடுக்கும் டீச்சர், பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான் இருந்தது. ஊர் உலகமெல்லாம் மின்வெட்டில் வியர்த்துக்கொண்டிருந்த அந்த எண்பத்து மூன்றாம் வருஷத்திலும் அனல்மின் நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் விளக்கு அணைந்து அவள் பார்த்ததில்லை. கிளினிக்கில் கரண்ட் போகும், இங்கே போகாது என்று சொல்லித்தான் அவர் அந்த மரப்பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தார். பெட்டிக்குள் பல்புகள் எரியும். மனித உடம்பின் சூடு எவ்வளவோ அவ்வளவு சூட்டில் அது ராப்பகலாகக் காய்ந்துகொண்டிருக்கும். பெட்டிக்குள் படுக்கவைத்த கண்ணாடி பாட்டில்கள். பாட்டில்களுக்குள் சின்னம்மாள்.

சின்னம்மாள் அவர்கள் பிளாக்கில் தெரு கூட்டிக்கொண்டிருந்தவள். கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்துக்காக ஊரை எடுத்தபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவளுக்கும் புருஷன் கொளஞ்சியப்பனுக்கும் வேறு இடம் தேடிப் போகிற வேலைதான் கிடைத்தது. எந்நேரமும் வெற்றிலை போடுவாள். சிவந்த வாயைத் திறந்து சிரித்தபடியே காம்பவுண்டு ஓரம் படிந்த கரித்தூளைக் கூட்டுவாள். சித்திரையில் அவள் வயிறு வீங்கியபோது தெருப் பெண்கள் கேலி செய்தார்கள். சந்திரகலாதான் கையைப் பிடித்து நல்லசாமியிடம் கூட்டிக்கொண்டு போனாள். "சின்னக் கட்டிதான் சின்னம்மா. எடுத்துட்டா சரியாயிடும்" என்றாள்.

எடுத்தது தேங்காய்ப் பருமன் இருந்தது. எடுத்தும் சரியாகவில்லை. ஆடி முடிவதற்குள் சின்னம்மாளைப் புதைத்தார்கள். கட்டியைப் புதைக்கவில்லை.

வாடை வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். தோசைமாவுக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ உறைந்து அடியில் கிடக்க, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. மூடியைத் திறந்ததும் துருப்பிடித்த இரும்பின் நாற்றம் முகத்தில் அடித்தது.

"என்னங்க இது?"

"அதுங்களுக்குச் சாப்பாடு" என்றார் நல்லசாமி, சோற்றைப் பிசைந்தபடி. "தொப்புள்கொடி ரத்தம். கிளினிக்ல பிரசவம் ஆனதும் வடிச்சு வெச்சது."

"தோசைமாவுக்குப் பக்கத்துலயா வெப்பீங்க?"

அதைத்தான் முதலில் கேட்டோம் என்பது பிற்பாடுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பொம்பளைங்க கிட்டச் சொன்னீங்களா? சின்னம்மாகிட்டச் சொன்னீங்களா?" என்றாள்.

"வெட்டி எறியறதுக்கு யாரைக் கேக்கணும் கலா? குழியில போட்டிருந்தா நாய் தின்னிருக்கும்." கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "வா, வந்து பாரு. நீ படிச்ச படிப்புதானே."

பெட்டியைத் திறந்தார். வாடை ஆளையே தள்ளியது. பாட்டில்களின் அடியில் இளஞ்சிவப்பு நீர், அதற்குக் கீழே பாலாடை போல ஒரு படலம். "கண்ணுக்கே தெரியாத செல்லு இப்படித் தடிச்சுக்கிட்டு வருது. அவ செத்தும் இது சாகல. பிரிச்சுப் பிரிச்சு வேற பாட்டில்ல ஊத்தறேன், எல்லாம் நிறைஞ்சிடுது. பம்பாய்க்கு அனுப்பியாச்சு, கல்கத்தாவுக்கு அனுப்பியாச்சு." ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். படலத்திலிருந்து மெல்லிய கறுப்பு இழைகள் முளைத்து நீரில் அலைந்தன.

"முடி" என்றாள் சந்திரகலா.

"அந்த மாதிரிக் கட்டி. முடி முளைக்கும், பல்லுகூட முளைக்கும். நீ படிச்சதில்லையா?"

படித்திருந்தாள். புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம். இந்த முடியின் நுனியில் செம்பட்டை ஓடியிருந்தது. வெயிலில் நின்று தெருக் கூட்டுகிறவர்களின் முடியில் ஓடுகிற செம்பட்டை.

மறுநாள் வகுப்பில் செல் பிரிதல் பாடம். உடம்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக்குள் வளர்க்கலாம், சில செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போர்டில் வட்டம் வட்டமாக வரைந்தாள். முன்பெஞ்சிலிருந்து காந்திமதி என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், அந்தச் செல்லுக்குச் சொந்தக்காரங்க செத்துட்டாலும் அது உயிரோட இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப அவங்க முழுசாச் செத்துட்டாங்கன்னு சொல்லலாமா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. "அது ஆளு இல்லம்மா. வெறும் சதை" என்றாள் சந்திரகலா. சொல்லி முடித்ததும் வாயில் எச்சில் ஊறி, ஜன்னல் பக்கம் போய்த் துப்ப வேண்டியிருந்தது.

சாயங்காலம் வீட்டு கேட்டில் கொளஞ்சியப்பன் நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கையில் முறுக்கியபடி பேசினார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறன், கோவிச்சிக்காதீங்க. கருமாதிக்கிச் சோறு வெச்சம், காக்கா எறங்கல. அமாவாசைக்கி வெச்சம், அப்பயும் எறங்கல. மரத்துமேல குந்திக்கினு பாத்துக்கினே கீது. அவ இன்னும் போவலன்னு வூட்ல பேசிக்கிறாங்க. ஆப்பரேசன் பண்ணாங்களே... அவ ஒடம்புல எதனா மிச்சம் அங்கியே நின்னு போச்சிங்களா?"

"இல்லீங்க" என்றாள் சந்திரகலா. அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

அவர் தலையாட்டினார். திரும்பப் போனவர் நின்று மூக்கை உறிஞ்சினார். "இந்த மாசத்துல ஏதுங்க பலாப்பழம்?"

இரண்டொரு நாளில் நல்லசாமி மெட்ராஸுக்குக் கிளம்பினார். பெரிய புரொபசர் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். ஒரு பாட்டிலை ஃபிளாஸ்க்கில் இறக்கி, கம்பளியைச் சுற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டார். "ஒரு வேலைதான் கலா. பழைய தண்ணியக் கொட்டிட்டு ஃபிரிட்ஜ்ல தெளிஞ்சு நிக்கறதப் புதுசா ஊத்திடு. பட்டினி போட்டுடாத."

முதல் நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அனல்மின் நிலையத்தின் ஓயாத உறுமலுக்கு அவள் காது பழகியிருந்தது. இது அதற்குள்ளே வேறாகக் கேட்டது. கண்ணாடியை ஈரவிரலால் தேய்ப்பதுபோல. விட்டு விட்டு. பசித்த குழந்தை வெறும் வாயைச் சப்புக்கொட்டுவதுபோல.

புடவைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். முதல் பாட்டிலின் மூடியைத் திருகிப் பழைய நீரைச் சட்டியில் கவிழ்த்தாள். சளியாக இழுத்துக்கொண்டு விழுந்தது. விரலில் பட்டது. சூடாக இருந்தது, கொழகொழவென்று இருந்தது, உதறியும் போகவில்லை. புது நீரை ஊற்றினாள். படலம் சுருங்கி விரிந்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தினாள். அதுவும் நின்றது. மறுபடி ஊற்றினாள்.

விழுங்கியது.

பாட்டிலைக் கீழே வைக்கும்போதுதான் அந்தப் பல்லைப் பார்த்தாள். படலத்தின் நடுவில், வெளுத்த சதையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. பல் முளைக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பல்லின் ஈறோரம் காவி படிந்திருந்தது. பழுப்பும் சிவப்பும் கலந்த காவி. வருஷக்கணக்காக வெற்றிலை மென்ற காவி.

கண்ணாடிக்குள் முளைத்த பல். ஒருநாளும் ஒன்றையும் மென்றறியாத பல்.

அவள் வாந்தியெடுத்தாள். அந்தச் சட்டியிலேயே எடுத்தாள். பிறகு எழுந்து சுவிட்சை அணைத்தாள். பல்புகள் அணைந்தன. சூடு இல்லாவிட்டால் செத்துப்போகும். எந்தச் செல்லும் செத்துப்போகும். அவள் அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்தவள். கதவைச் சாத்தி, ஹாலில் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

விடிந்ததும் வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

மரம் சுட்டது.

நேற்றைவிட அதிகமாகச் சுட்டது.

அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கேட்டில் நின்று, தெருக் கூட்டும் பெண்களிடம் சொல்லிக் கொளஞ்சியப்பனை வரச் சொன்னாள். அவர் வேலை முடிந்து பொழுது சாயும்போது வந்தார். சந்திரகலா நடுவீட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார், அடிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் மண்வெட்டியும் புதுச்சேலை ஒன்றும் இருந்தன.

"காட்டுங்கம்மா. எடுத்தும்போய் அவகிட்டயே சேத்துடறன்."

ஸ்டோர் ரூமில் விளக்கைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. டார்ச்சை அடித்தாள். கொளஞ்சியப்பன் சேலையைத் தரையில் விரித்தார், மடிப்பை நீவிவிட்டார், பெட்டியைத் திறந்தார். அந்த நாற்றத்துக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தார்.

எடுத்தவர் அசையவில்லை.

"என்னங்க?"

"துடிக்கிது."

"அது... அது சும்மா..."

"சும்மாவா? பாருங்க." பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார். அவள் பின்வாங்கிச் சுவரில் மோதினாள். "உசுரு கீதும்மா. பொணத்தப் பொதைக்கலாம். உசுரோட கீறவள எப்டிம்மா பொதைக்கிறது?"

"எடுத்துட்டுப் போயிடுங்க. உங்களக் கும்புடறேன்."

"எங்க எடுத்தும்போவ? எத்த ஊட்டி வளக்க?" அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மீதியெல்லாம் எங்க?"

"பம்பாய். கல்கத்தா. மெட்ராஸ்."

"பம்பாயி" என்றார் அவர். "அவ விருத்தாசலத்தத் தாண்டுனதில்லீங்க."

பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்தார். சேலையை எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, வேலைக்குப் போய்த் திரும்பாத மனைவியைத் தெருமுனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகக் கூப்பிட்டார்.

"புள்ள... ஏ சின்னம்மா..."

சப்புக்கொட்டும் சத்தம் நின்றது.

அவள் டார்ச்சைத் தட்டுத் தட்டாக நகர்த்தினாள். கீழ்த்தட்டு. மேல்தட்டு. ஒவ்வொரு பாட்டிலிலும் படலம் இழுபட்டது. விறைத்தது. நடுவில் ஒரு கோடு விழுந்தது. கோடு பிளந்தது. உள்ளே சிவப்பு. காவியேறிய பற்கள். எல்லாப் பாட்டிலிலும். ஒரே நேரத்தில்.

"சின்னம்மா" என்றார் அவர் மறுபடியும்.

குரல் எழவில்லை. வாய்கள் மட்டும் அவர் பக்கமாகத் திறந்திருந்தன. கண்ணாடிகளின் உட்பக்கம் வெண்மையாக ஆவி படிந்தது. மெல்லக் கலைந்தது. மறுபடியும் படிந்தது.