கோப்பி கசக்கிறது, மாப்பிள்ளை!

கைபேசி அலறியது!

கண்டி டவுனில் தன் மருந்துச் சாமான் கடையில் நின்றிருந்த ஷிராஸ் அதைக் கவனிக்கவில்லை. கூச்சப்பட்டு நின்ற ஓர் ஆளுக்கு வேங்கைத் தூள் டின் ஒன்றைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஆம்புளக்கி நூறு வீதம் கேரண்டி! ஒரு கரண்டி போதும்!"

"சரிவராட்டி?"

ஷிராஸ் சிரித்துக்கொண்டே தலைக்கு மேல் தொங்கிய போர்டைக் காட்டினான். *விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது.*

கைபேசி மறுபடி அலறியது. எடுத்தான்.

"டொக்டர் ஜெயராணி கதைக்கிறன். ரெண்டாம் டெஸ்ட் ரிசல்ட்டும் வந்திட்டுது, தம்பி. ஒண்டுகூட இல்லை!"

"உ... உயிரோட இல்லையா, டொக்டர்?"

"உயிரோடயும் இல்லை, செத்தும் இல்லை. விந்தில அணுவே இல்லை! ரத்த ரிப்போர்ட்டில வேற ஒரு விஷயம் கிடக்கு. போனில சொல்ல ஏலாது. உடனே வாரும்!"

ஷிராஸ் கைபேசியை வைத்தான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. மனைவி றிஸ்னா ஏறாத கிளினிக் இல்லை. அவளிடம் எந்தக் குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் இவன் வெட்கத்தை விட்டு, அவளுக்கும் தெரியாமல், டெஸ்ட்டுக்குப் போனான்.

கடையைப் பூட்டினான். பறந்தான் அம்பிட்டியவில் இருந்த டொக்டரின் கிளினிக்குக்கு!

"சின்ன வயசில கன்னம் வீங்கிற கூவைக்கட்டு வந்து, விதையும் வீங்கினதோ?" டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இல்ல, டொக்டர்."

"விதைப்பையில நரம்பு வீக்கம் இல்லை. நான் பார்த்திட்டன். சிகரட்?"

"தொட்டதே இல்ல."

"தலை ஸ்கேனும் சுத்தம். அப்ப ஒண்டுதான் மிச்சம்." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில இருந்து ஆண் ஹோர்மோன் உமக்குள்ள போகுது!"

"ஆண் ஹோர்மோனா? அது நல்லந்தானே?"

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம்! வெளியில இருந்து தாராளமா வந்தால், மூளை என்ன செய்யும் தெரியுமோ? இனி இங்க வேலை இல்லை எண்டு விதைக்குப் போற சிக்னலை நிப்பாட்டிப்போடும். ஃபக்டரி பூட்டு! ஊசி, பவுடர் ஏதும்..?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல!"

"அப்ப உமக்குத் தெரியாம ஆரோ தருகினம்."

ஷிராஸ் ஒவ்வொன்றாக யோசித்தான். காலைக் கோப்பி... மனைவி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலிருந்தே ஒரு கசப்பு! அதைத் தினமும் கொண்டுவந்து தருவது...

றிஸ்னா!

"இது திரும்பச் சரிவருமா, டொக்டர்?"

"நிப்பாட்டினால் கனபேருக்கு மாசக்கணக்கில திரும்பி வரும். பிறகும் டெஸ்ட் செய்து பார்ப்பம். முதல்ல ஆளைப் பிடியும்!"

மறுநாள் அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் போவதுபோல் வீட்டை விட்டு இறங்கினான். அலவத்துகொடயில் அது மனைவி வீடு. அங்கே இவன் வீட்டோடு மாப்பிள்ளை. தொழுகை முடிந்ததும் எல்லோருக்கும் முந்தி ஓடிவந்து, பின்கதவால் சமையலறைக்குள் புகுந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டான். அவளாக இருக்கக் கூடாதே! அவளை அவ்வளவு நேசித்தான்!

கிணுங்... கிணுங்...

வளையல் சத்தம்!

முக்காடிட்ட உருவம் ஒன்று அரைஇருட்டில் அலுமாரியைத் திறந்தது. முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி, கோப்பிக் கோப்பைக்குள் ஒரு கரண்டி...

"றிஸ்னா!" பாய்ந்தான்.

"யா அல்லாஹ்!"

கோப்பை சிதறியது. உருவம் திரும்பியது.

மாமியார் ஹவ்வா உம்மா!

அடுத்த நொடி அவர் கதவுத் திரைக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தார். இத்தனை வருஷத்தில் மருமகனோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியவரல்ல. எதுவானாலும் திரைக்கு அப்பாலிருந்து மகள் வழியாகத்தான்.

றிஸ்னா ஓடிவந்தாள். "என்ன நடந்திச்சி?"

"ஒங்கட உம்மா எனக்கி நஞ்சு வெச்சாங்க!"

"நஞ்சா?" திரை குலுங்கியது. "மகள், மாப்பிள்ளக்கிச் சொல்லு! சுருக்கா புள்ள கெடைக்கட்டும் என்டுதான் குடுத்தேன். இந்த விஷயத்த மருமகனுக்கிட்ட வாய் தொறந்து கேக்க ஏலுமா? வெக்கமில்லியா? அதான் கோப்பில கலந்தேன்!"

"எங்க வாங்கின என்டு கேளுங்க, றிஸ்னா! அந்தக் கடக்காரன இன்டைக்கி நான் பொலிஸ்ல..."

திரை இடுக்கால் ஒரு கை டின்னை நீட்டியது.

"பக்கத்து வீட்டு ரபீகாவ அனுப்பி எடுத்த. மாப்பிள்ளட கடைச் சாமான் என்டா நம்பி வாங்கலாம்தானே, மகள்?"

வேங்கைத் தூள்!

அடியில், அவன் கையாலேயே ஒட்டிய ஸ்டிக்கர். ஷிராஸ் ஸ்டோர்ஸ், கண்டி.

ஷிராஸ் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான். மூலிகை என்று சொல்லித் தந்த வியாபாரியை நம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்காமல், எத்தனை வீட்டுக்கு விற்றிருப்பான்! கடை திறந்ததும் அந்த டின்கள் அடுக்கிய ராக்கையை வெறுமையாக்க வேண்டும். வாங்கிய ஒவ்வொருவனையும் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். நேற்றைய கூச்சக்காரனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டொக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான். றிஸ்னா அசையாமல் கேட்டாள்.

"பாயிற நேரம் எண்ட பேரச் சொல்லித்தானே கத்தின?"

ஷிராஸ் தலையைக் குனிந்தான்.

"எத்தன ஊசி, எத்தன ஸ்கேன்... எல்லாம் ஒங்களுக்காகத்தானே செஞ்சேன்! என்னயா சந்தேகப்பட்ட?"

அவள் கண் கலங்கியது. ஷிராஸ் எழுந்து அவள் கையைப் பிடித்தான். அவள் உதறவில்லை.

"மன்னிச்சிக்கோங்க, றிஸ்னா. பெரிய பிழை. இனி கிளினிக்குக்கு நான்தான் முன்னால போவேன்."

திரைக்குப் பின்னால் ஒரு செருமல்.

"மகள்... இன்னம் ரெண்டு டின் ஒடைக்காம ஈக்கி. கடைக்கே திருப்பிக் குடுத்துடுவோமா?"

றிஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது சரிவராது, உம்மா. அந்தக் கடையில ஒரு போர்ட் தொங்குது... நானும் அதப் பாக்காமத்தான் மாப்பிள்ள எடுத்தேன்!"