நடுவில் நிற்பவன்

ஹனோயில் வெள்ளைச் சாமந்தி மூன்றே வாரங்கள்தான் பூக்கும். அந்த மூன்று வாரங்களுக்காகச் செந்நதிக் கரையின் வண்டல் நிலத்தில் தோட்டங்கள் முளைக்கும். மூங்கில் வாசல், ஊஞ்சல், முன்கூடையில் பூ நிறைத்த மிதிவண்டி, வாடகைக்குக் கூம்புத் தொப்பிகள் என அனைத்தும் ஒரே நாளில் வந்து சேரும். பூ வாடியதும் நிலம் உழப்படும். அடுத்த மாதம் அங்கே முட்டைக்கோசு நிற்கும். அதற்குள் அங்கு நின்று படம் எடுத்துக்கொள்ளாதவளை மணமகளாகக் கணக்கில் கொள்வதில்லை என்பது நகரத்துப் பெண்களின் தீர்மானம்.

குவேயின் தீர்மானமும் அதுவே. திருமணம் நெருங்கிவிட்டது, மண்டப வாசலில் வைக்கவேண்டிய பெரிய படம் இன்னும் எடுக்கப்படவில்லை. எந்தத் தோட்டம் என்பதை மாப்பிள்ளை கியெனிடம் சொல்லாமல் அவளே ஏற்பாடு செய்திருந்தாள். அணைக்கரையிலிருந்து மண்பாதை இறங்கும் இடத்தில், பின்னிருக்கையிலிருந்தபடி அவள் கை நீட்டிக் காட்டியபோது, அவன் வண்டியை நிறுத்திவிட்டான்.

"இங்கயா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

"இங்கதான் பூ அடர்த்தி. அங்க பாருங்க, ஆறு வரைக்கும் வெள்ளை."

அவன் ஆற்றைப் பார்க்கவில்லை.

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் தோட்டத்துக்காரி ஹான். ஐம்பது வயதைக் கடந்தவர். வருகிறவர்கள் எல்லோருக்கும் அத்தை. கியென் தலைக்கவசத்தையும் முகமூடியையும் கழற்றாமலே அவரைக் கடந்து நடந்தான்.

"ஏம்மா, மாப்பிள்ளை ஹெல்மெட்டோடவா படம் எடுத்துக்கப் போறாரு? இது கல்யாணமா, பேங்க் கொள்ளையா?"

குவே சிரித்தாள். அதே வேளையில் மாணவிகள் மூவர் ஓடி வந்து, "அத்தை, கரடி!" என்று கை நீட்டினார்கள். ஹான் குடிசைக்குள்ளிருந்து காது கிழிந்த ஒரு பஞ்சுக் கரடிப் பொம்மையை எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. மூன்று பேர் ஒரே படத்தில் நின்றால் நடுவில் நிற்பவர் முதலில் போய்விடுவார். இதை நம்பாதவர்களும், மூவராக நிற்க நேர்ந்தால், நாலாவதாக ஒன்றைத் தேடிக்கொள்வார்கள்.

படம் எடுக்கும் பாக் அண்ணன் தோட்டத்தின் நடுவே சூரியகாந்தி விதை கொறித்தபடி காத்திருந்தார். கேமரா அவருடைய தொந்தியின்மேல் சௌகரியமாகச் சாய்ந்திருந்தது.

"வாங்க வாங்க. வெயில் இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆத்துலேர்ந்து பனி ஏறிடுச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் எனக்கு நெழலுதான். மாப்பிள்ளை, மூஞ்சியைக் காட்டுங்க. ஆ, பரவாயில்லை, எடுக்கலாம்."

கியென் வெளிர்நீலச் சட்டை அணிந்திருந்தான். குவே அவனுடைய வலப்பக்கம் நின்று, பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். சுற்றிலும் நீண்ட வெள்ளை உடையணிந்த பெண்கள் பலர் வெவ்வேறு கேமராக்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் ஒரு மணல் படகின் இயந்திரம் விட்டுவிட்டு இருமியது.

பாக் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் பதித்தார்.

"அந்தத் தங்கச்சி கொஞ்சம் தள்ளிக்கம்மா. ஆமா, உன்னைத்தான். ரெண்டு பேரு எடுக்கற படம் இது."

குவே திரும்பிப் பார்த்தாள். அருகில் எவரும் இல்லை.

"போயிட்டாளா?" பாக் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல வேகம்தான். பக்கத்துக் கூட்டத்துப் பொண்ணு போல."

மீண்டும் குனிந்தார். மீண்டும் நிமிர்ந்தார்.

"அட, மறுபடியும் வந்துட்டா! மாப்பிள்ளை, உங்க தங்கச்சியா அது? உங்க இடக்கையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆசையா இருந்தா சொல்லுங்க, அத்தைகிட்ட கரடியை வாங்கிட்டு வந்து நாலு பேரா எடுத்துடலாம். மூணு பேரை மட்டும் நான் எடுக்கமாட்டேன். தொழில் தர்மம்."

கியென் சிரிக்கவில்லை. அவனுடைய முகத்தில் நிறம் குறைந்திருந்தது. அப்போதுதான் குவேக்கு அந்த மணம் வந்தது. சாமந்தியின் இளங்கசப்புக்கு அடியில், வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் பல நாள் தங்கியிருக்கும் சேற்றின் பச்சை வாடை.

அவனுடைய இடக்கைச் சட்டையை அவள் பார்த்தாள்.

மணிக்கட்டுக்கு மேலே துணி நனைந்திருந்தது. நனைந்த இடத்தில் நான்கு மடிப்புகள் இறுக்கமாக விழுந்திருந்தன.

"கையை எதுல நனைச்சீங்க?"

"ஒண்ணுமில்லை. நீ இந்தப் பக்கம் வா."

"ஏன்?"

"சொன்னா வாயேன். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நல்லா இருக்கு."

வெளிச்சம் அந்தப் பக்கம் நன்றாக இல்லை. ஆயினும் அவன் அவளுடைய தோளைப் பிடித்து, தன் முன்னால் சுற்றிக் கொண்டுவந்து, இடப்பக்கம் நிறுத்தினான். நிறுத்தியபின் அவளை ஒரு சாண் அளவு வெளிப்புறமாகத் தள்ளினான். குவேயின் வெற்றுத் தோளில் குளிர்ந்த காற்று ஒன்று வந்து நின்றது. வீசவில்லை, நின்றது.

பிறகு அது விலகியது.

"அப்படியே இருங்க," என்றார் பாக், கேமராவுக்குள்ளிருந்து. "இந்தப் பொண்ணு சுத்தி அந்தப் பக்கம் போயிட்டா. இப்ப வலப்பக்கம். மாப்பிள்ளை, உங்களை விடமாட்டா போல. மறுபடியும் நீங்கதான் நடுவுல."

அவருடைய விரல் தவறி அழுந்தியது. கேமரா ஒரு முறை சொடுக்கியது.

எடுத்த படத்தைப் பார்ப்பதற்காகப் பாக் திரையைத் திருப்பினார்.

விதை மெல்வதை நிறுத்தினார்.

"என்ன அண்ணா?" என்று கேட்டாள் குவே.

"ரெண்டு பேருதான் இருக்கீங்க," என்றார் அவர், மிக மெதுவாக. "நான் மூணு பேரைப் பார்த்துத்தான் அமுக்கினேன்."

கியெனின் வலக்கைச் சட்டையிலிருந்து ஒரு சொட்டு நீர் இலையில் விழுந்தது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மாணவிகள் படம் எடுத்து முடித்துக் கரடியை ஊஞ்சலில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் பூக்களை மிதித்துக்கொண்டு ஓடி, அதைத் தூக்கி வந்து மார்போடு கட்டிக்கொண்டான்.

"எடுங்க. இப்ப நாலு பேரு. எடுத்துத் தொலைங்க!"

"மாப்பிள்ளை, வேண்டாம். வெளிச்சமும் போயிடுச்சு."

"எடுய்யா!"

பாக் கேமராவை உயர்த்தவில்லை. அவர் கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குவேயும் அதைத்தான் பார்த்தாள். பஞ்சுப் பொம்மை அவன் கைகளில் கனக்கத் தொடங்கியிருந்தது, அவனுடைய தோள்கள் இறங்கின, முழங்கைகள் நடுங்கின.

கிழிந்த காதின் வழியே தண்ணீர் வழிந்தது.

செந்நிறத் தண்ணீர். வண்டல் கலந்த ஆற்றுத் தண்ணீர்.

ஒரு பொம்மைக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்க முடியாது.

கியென் அலறிக்கொண்டு அதைக் கீழே போட்டான். அலறல் கேட்டு வந்த ஹான் முதலில் கரடியைப் பார்த்தார். பிறகு, அன்று முதல்முறையாக, அவனுடைய முகத்தைப் பார்த்தார்.

"நீயா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"லுவாவைக் கட்டிக்க இருந்தவன்தானே நீ? அதான் மூஞ்சியை மூடிக்கிட்டு உள்ள போனியா?"

"லுவாவா?" என்றாள் குவே. அந்தப் பெயரை அவள் ஒரு முறை கேட்டிருக்கிறாள். "அவ சைகோனுக்கு வேலைக்குப் போயிட்டான்னு சொன்னீங்க. போனவ உங்களை மறந்துட்டான்னு சொன்னீங்க."

"சைகோனா?" ஹானின் குரலில் சிரிப்புப் போன்ற ஒன்று இருந்தது. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே பூ சமயம். அப்ப கரையில ஒரு படகு கட்டிப் பூ வெச்சிருந்தேன், படத்துக்கு. ரெண்டு பேரும் ஏறினாங்க. இவன் வெளையாட்டா எழுந்து நின்னு ஆட்டினான். கவுந்துது. இவன் நீந்தி வந்துட்டான். 'கை எட்டலை அத்தை, எட்டவே இல்லை'ன்னு என் மடியில விழுந்து அழுதான். நானும் கூட சேர்ந்து அழுதேன்."

"அது விபத்து," என்றான் கியென்.

"விபத்துதான். படகு கவுந்தது விபத்துதான்." ஹான் குவேயின் பக்கம் திரும்பினார். "அவளைக் கீழ் மணல்திட்டுல எடுத்தாங்கம்மா. மூடின கையை நான்தான் பிரிச்சுவிட்டேன். உள்ள இவனோட சட்டைக் கைத்துண்டு இருந்துது, பட்டனோட. எட்டாத கைக்குள்ள அது எப்படி வந்துது? அவ இவனைப் பிடிச்சிருக்கா. இவன்தான் கையை உதறிப் பிச்சுக்கிட்டு வந்திருக்கான்."

"ரெண்டு பேரும் போயிருப்போம்!" கியென் கத்தினான். "உங்களுக்கு என்ன தெரியும்? கரையில நின்னவங்களுக்கு என்ன தெரியும்? விடலைன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்!"

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

மணல் படகின் இருமல் நின்றிருந்தது. ஆற்றின்மேல் எழுந்த பனி பூக்களின் உயரத்துக்கு வந்து, வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்தது.

சற்று முன்பு அவன் தன்னை எங்கே நிறுத்தினான் என்பது குவேக்கு அப்போது விளங்கியது. இடப்பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்று கேட்டதும், எந்தத் தயக்கமுமின்றி, அவளுக்கும் தனக்கும் நடுவே அவன் குவேயை வைத்தான். ஒரு பலகையை நகர்த்துவதுபோல.

"வா, போகலாம்." அவன் கை நீட்டினான். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "குவே, என் இந்தப் பக்கமா நடந்து வா."

"எந்தப் பக்கம்? நடுவுலயா?"

"வெளையாடாத. வா."

"நான் அங்க நிக்கமாட்டேன். அவ வந்தது எனக்காக இல்லை."

அவன் அவளை ஒரு கணம் வெறுப்போடு பார்த்தான். பிறகு திரும்பி, வாசலை நோக்கி அல்லாமல், பனிக்குள் நேராக நடந்தான். கரையோரமாகச் சுற்றினால் வண்டி நிற்குமிடத்துக்கு விரைவில் போய்விடலாம் என்று அவன் எண்ணியிருக்கக்கூடும்.

"அந்தப் பக்கம் போகாதீங்க!" பாக் கத்தினார். "கரை அரிச்சுப் போயிருக்கு, மண்ணு நிக்காது!"

கியென் நிற்கவில்லை. இடுப்பளவுப் பூக்கள் அவனுக்கு வழிவிட்டு விலகின.

அவனுக்குப் பக்கத்திலும் விலகின.

இரண்டு தடங்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி, மண மேடைக்குப் போகிறவர்களின் நிதானத்தோடு, ஆற்றை நோக்கிச் சென்றன. அவனுடைய ஒரு கை மட்டும் உடலை விட்டு விலகி, பக்கவாட்டில் நீண்டு, விறைத்திருந்தது. அவன் அதை இழுத்துப் பார்த்தான். அது வரவில்லை.

ஒரே ஒரு முறை அவன் திரும்பினான். குவேயின் பெயரைச் சொல்ல வாய் திறந்தான்.

அவளும் வாய் திறந்தாள்.

அவள் கூப்பிடவில்லை.

பனி மூடிக்கொண்டது. எதுவும் விழுந்த ஓசை கேட்கவில்லை.

திருமணம் நடக்கவேண்டிய நாளில் கியெனின் வீட்டில் ஊதுபத்திகள் எரிந்தன. அவனையும் அதே கீழ் மணல்திட்டில்தான் எடுத்தார்கள். சட்டையின் இரு கைகளும் தோளோடு பிய்ந்துபோயிருந்தன, அவை கிடைக்கவில்லை.

குவே வந்து தலைகுனிந்து நின்றபோது அவனுடைய தாய் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"படையல்ல வைக்க வேற படம் இல்லைம்மா. அன்னிக்குத் தோட்டத்துல எடுத்ததைத்தான் பாக் குடுத்தான். அதுலேர்ந்து உன்னை வெட்டினதைத் தப்பா எடுத்துக்காத. உசுரோட இருக்கறவங்க அதுல இருக்கக்கூடாது."

"பரவாயில்லை அத்தை."

"ஆனா பாரு, இந்தப் பக்கம் ஒரு ஆளுக்கு எடம் விட்டு வெச்சிருக்கான். பையன் மட்டும் நடுவுல வரணும்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். வெட்டித்தான் குடுத்தேன் அத்தைன்னு சத்தியம் பண்றான். இங்க வந்து மாட்டினா மறுபடியும் இப்படியே இருக்கு."

அவர் தேநீர் கொண்டுவர உள்ளே போனார். குவே ஊதுபத்தியை ஏற்றி, நெற்றிவரை உயர்த்தி, மூன்று முறை வணங்கி, நிமிர்ந்தாள்.

படத்தின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெட்டி எடுக்கப்பட்ட அதே பக்கத்தில், கியெனின் தோளுக்கு அருகில். மறுபக்கத்து வெற்றிடத்தில் இன்னொரு முகம் தெரிந்தது. ஈரக் கூந்தல், வெள்ளை உடையின் கழுத்துப்பட்டி.

அவன் நடுவில் இருந்தான்.

குவே திரும்பிப் பார்த்தாள். அறையில் ஒருவரும் இல்லை. உள்ளே கிண்ணங்கள் உரசும் ஓசை மட்டும் கேட்டது.

அவள் ஓரடி விலகி நின்றாள். கண்ணாடியிலிருந்து அவள் முகம் மறைந்தது.

மற்றது மறையவில்லை.