மூன்று தட்டு, அப்புறம் இரண்டு

காலை பதினொன்றரை மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தபோது, அவள் கணவனின் கப்பல் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

எங்கோ உள்ள கேட் இல்லை, அவர்கள் ஊர் கேட்டேதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் விடிகாலையில் பஸ் ஏறி இருட்டும்போது இறங்க வேண்டிய ஊர் அது. ஆனாலும் அவள் பதறவில்லை. போர் தொடங்கிய பதினாறு நாளில் கப்பல்காரர் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. கப்பல் கடந்தாக வேண்டிய நீரிணையில் இரண்டு தரப்பினரும் சிக்னலைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால், கப்பல் எங்கே போகிறது என்று காட்ட வேண்டிய ஆப் வாய்க்கு வந்ததை உளறிக்கொண்டிருந்தது.

கப்பலில் இருந்தவர்களின் மனைவிமார் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, புருஷனின் வேலைதான் பெயர். போன வாரம் சமையல்காரர் வீட்டம்மா எழுதியிருந்தாள்: “நம்ம கப்பல் மலை உச்சிக்கு ஏறிடுச்சுடீ. இறங்க ஆட்டோ பிடிச்சு அனுப்பட்டுமா?” உடனே கேப்டன் வீட்டம்மா, “வேண்டாம்மா, எங்க வீட்டுக்காரர் வழி சொல்றேன்னு டிரைவரையும் சுத்த விட்டுடுவார்” என்றாள். எல்லோரும் சிரித்து வைத்தார்கள். பயத்தை வேறு என்னதான் செய்வது?

இன்றைக்கு மூணாம் இன்ஜினியர் வீட்டம்மாவான இவளும் தன் பங்குக்கு எழுதினாள். “கப்பல் இன்னிக்கு எங்க ஊருக்கே வந்துடுச்சு. இருபத்தியோரு பேருக்கும் சமைச்சு வெச்சுடட்டுமா?”

அரை மணி கழித்துத்தான் பதில் வந்தது. சமையல்காரர் வீட்டம்மா: “எனக்குக் கப்பலே காட்டலையே. ராத்திரி மூணு மணியோட நின்னுபோச்சு.”

“எனக்கும்தான்” என்றாள் எலக்ட்ரீஷியன் வீட்டம்மா.

அதற்குப் பிறகு யாரும் வேடிக்கை பேசவில்லை.

அவள் ஆப்பை மூடித் திறந்தாள். போனையே அணைத்துப் போட்டாள். கப்பலைக் காட்டும் பச்சை நிற அம்பு ரயில்வே கேட்டை விட்டு அசையவில்லை. கம்பெனி ஆபீஸுக்கு நாலு தடவை போன் செய்தும் லைன் கிடைக்கவில்லை. சரி, பார்த்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள். நாலு வயது மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. கொஞ்சம் காற்று வரட்டும் என்று பின்பக்க ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள். போன் சத்தத்துக்கு எழுந்துவிடக் கூடாதே என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

கடைசியாக அவர் பேசியது இரண்டு நாளைக்கு முன்னால். மறுநாள் நீரிணைக்குள் நுழைகிறோம் என்றார். இன்ஜின் ரூம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, அடி விழுந்தால் முதலில் நிரம்புவது அதுதான் என்று, ஏதோ வீட்டுக் குழாய் ரிப்பேர் சொல்வதைப் போலச் சொன்னார்.

“அடி விழுந்தா இரும்புக் கதவை மேல இருந்து மூடிடுவாங்க. மூடினா மூடினதுதான். உள்ளேருந்து யாரு தட்டினாலும் திறக்கக் கூடாது. திறந்தா கப்பலே போயிடும்.”

“உள்ள நீங்க இருந்தா?”

“நான் இருந்தாலும்தான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நான் தட்டினா நீ திறப்பல்ல, அது போதும்.”

“கண்ணை மூடிட்டுத் திறப்பேன்” என்றாள் அவள்.

அவர் தட்டுவது அவளுக்குத் தெரியும். வாசலில் காலிங் பெல் இருந்தாலும் தொடவே மாட்டார். இன்ஜின் சத்தத்தில் குழாயை ஸ்பேனரால் தட்டிக் கூப்பிட்டுப் பழகிய கை. மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, இரண்டு தட்டு. மகளும் அதைப் பார்த்துத் தட்டுவாள், ஆனால் எண்ணிக்கை வராது. மூன்று, அப்புறம் மறுபடி மூன்று. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அப்படித்தான்.

இரண்டரை மணிக்கு அம்பு நகர ஆரம்பித்தது.

ரயில்வே கேட்டைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, பள்ளிக்கூடத்து நீண்ட மதிலை ஒட்டி மெதுவாக வந்தது. லீவில் வரும்போது ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் நடந்து வரும் வழி அதுதான் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. நூற்றெண்பது மீட்டர் நீளமுள்ள கப்பல் மருந்துக்கடை முக்கில் எப்படித் திரும்பும் என்று ஓர் அசட்டு யோசனை வந்தது. அது திரும்பியது.

அப்போதுதான் அந்த வாசனையைக் கவனித்தாள். ஊருக்கு வந்ததும் அவர் பெட்டியைத் திறந்தால் துணிகளிலிருந்து எழும்புகிற வாசனை, எத்தனை முறை துவைத்தாலும் போகாத டீசலும் சூடேறிய எண்ணெயும், அவற்றுக்கு அடியில் ஈர உப்பும். சமையலறைக் குழாய் தானாகவே இரண்டு தரம் இருமி ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரரின் குரல் பாதியில் அறுந்துபோனது. நாய் குரைக்கவில்லை, சைக்கிள் மணி இல்லை, பட்டப்பகலில் தெரு மொத்தமும் போர்வையைப் போட்டு மூடியதுபோல அடங்கிப்போக, அந்த அமைதிக்கு அடியிலிருந்து தரை வழியாக ஓர் அதிர்வு ஏறி அலமாரிப் பாத்திரங்களைக் கிணுகிணுக்க வைத்தது.

போன் அடித்தது. அலறியேவிட்டாள்.

“மேடம், கம்பெனி ஆபீஸ்லேருந்து பேசறேன்.” நடுத்தர வயதுக் குரல், எதையோ பார்த்துப் படிப்பதைப் போல. “ராத்திரி மூணு மணிக்குக் கப்பல் மேல தாக்குதல் நடந்திருக்கு. பயப்படாதீங்க. கப்பல் மிதந்துகிட்டுதான் இருக்கு. இருபது பேர் பத்திரமா இருக்காங்க.”

“இருபதா?”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“சார், கப்பல்ல இருபத்தியோரு பேர்.”

“இன்ஜின் ரூம் கதவை மூட வேண்டியதாப் போச்சும்மா.” இப்போது அவர் படிக்கவில்லை. “ரொம்ப நேரம் தட்டிக்கிட்டு இருந்திருக்கார். மேல நின்னவங்களால… திறக்க முடியலம்மா. மத்தவங்களைப் பார்க்கணும் இல்லையா.”

லைன் அறுந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. போனைப் பார்த்தாள். அம்பு அவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. இஸ்திரிக் கடை. எதிர் வீடு. வேகம், பூஜ்யம்.

வாசல் கதவில் தட்டினார்கள்.

மூன்று. ஒரு மூச்சு. இரண்டு.

கையால் தட்டுகிற சத்தம் இல்லை. இரும்பு.

கால்கள் தாமாகவே ஓடின. தாழ்ப்பாளில் கை வைத்தும்விட்டாள். அவர்தான். அவரேதான். கண்ணை மூடிக்கொண்டு திறப்பேன் என்று சொன்னவள் இவள்தானே. ஆனால் தாழ்ப்பாள் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. கதவுப் பலகை, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ முதுகைக் கொடுத்துத் தள்ளுவதைப்போல உட்பக்கமாகப் புடைத்திருந்தது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

வாசற்படி இல்லை. தெரு இல்லை. கலங்கிய பச்சைத் தண்ணீர். அதில் ஒரு நீர்க்குமிழி, மெல்ல, மேலே போனது.

மூன்று. ஒரு மூச்சு. இரண்டு.

“கேக்குதுங்க” என்றாள். “எனக்குக் கேக்குது. குட்டி உள்ள தூங்கறா. நான் திறந்தா அவ…”

மூன்று. இரண்டு. முன்னைவிட மெதுவாக.

“என்னால முடியாதுங்க. என்னை மன்னிச்சிடுங்க.”

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. கதவோடு கதவாக நெற்றியை வைத்து அழுத்தி நின்றாள். மேலே நின்று கதவைத் திறக்காமல் விட்ட மனிதர்கள் இப்படித்தான் நின்றிருப்பார்கள். ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. பிறகு ஒன்றுமில்லை.

அதிர்வும் நின்றது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுபோதும் என்று நினைத்தபோதுதான் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள்.

அம்பு வாசலில் இல்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பின்பக்கம்.

ஜன்னல்.

ஓடினாள். கால் வழுக்கியது. உள்ளறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், எண்ணெய் மினுமினுக்க. கைப்பிடியைத் திருகி உள்ளே தள்ளினாள். நகரவில்லை. தோளைக் கொடுத்து மோதினாள். நகரவில்லை. ஒரு கடலே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

“குட்டி!”

அறைக்குள்ளிருந்து தட்டினார்கள். கதவின் மேல்பாதியில். இரும்பால்.

மூன்று. ஒரு மூச்சு. இரண்டு.

அவள் மூச்சுவிடவில்லை.

பிறகு கதவின் கீழ்ப்பாதியில், அவள் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னக் கை தட்டியது.

மூன்று.

ஒரு மூச்சு.

மூன்று.